விளையாட்டும் உள்ளத் திண்மையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என் இல்லம் போந்து, "ஐயா, இவ்வாண்டும் தாங்கள் கால் மணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டபொழுது, வழக்கம்போல் இலக்கியச் சுவை பற்றிப் பேசிவிடலாம் என்றே எண்ணினேன். குறிப்புகளும் எடுத்து வைத்தேன். ஆனால் சென்ற ஞாயிறன்று, இவ்விழாவை ஒட்டிப் பள்ளித் திடலில் நடந்த ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் குறிக்கும் பணியை என்னிடம் ஒப்படைத்தார்கள். சிறுவர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தோர் மிகுதி. மூன்று சுற்றாகப் பிரித்து ஓடவிட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்ட சிறுமியர் ஓட்டத்திற்கு வந்து நின்றவரோ நால்வர். அந்நால்வருள்ளும் ஒருத்தி, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். கால் இடறவில்லை, மூச்சு முட்டவுமில்லை. எல்லைக் கயிற்றின் அருகே நின்ற அவள் அன்னையார் கைதட்டி அழைத்தார், "போதும், வா, வெயிலில் கறுத்துப் போவாய்" என்றார். அக்குழந்தை மறுசொல் சொல்லாமல் தலைகவிழ்ந்து திரும்பி நடந்தது. அந்த அம்மையாரைக் குறை கூற யான் இங்கு நிற்கவில்லை. என் மகளை யானும் அவ்வாறே அழைத்துக்கொண்டு போனவன்தான். எனினும் அன்றிரவே என் குறிப்புகளை எடுத்து வைத்துவிட்டு, பேசும் பொருளை மாற்றிக்கொண்டேன்.

இலக்கியத்தை முழுவதும் விட்டுவிடவும் மனம் வரவில்லை. சங்க நூல்களைப் பயின்றோர் அறிவர்: மகளிர் கூடி ஆடும் விளையாட்டுக்கு ஓரை என்று பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். கழங்காடுதல், பந்தாடுதல், ஊசலாடுதல், புனலாடுதல், கடலாடுதல் என்று எத்துணை விளையாட்டுகள்! ஆனால் அதே நூல்களில் இற்செறிப்பு என்றொரு துறையும் உண்டு. பெண் பருவம் எய்தியதும், வெளியே சென்று ஆட விடாமல் இல்லத்தினுள் நிறுத்திக் காக்கும் வழக்கத்தை அது குறிக்கும். காதலுக்கு வந்த இடையூறாகவே உரையாசிரியர் அதனை விளக்குவர். விளையாட்டுக்கு வந்த இடையூறாக எண்ணிப் பார்த்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கிய இற்செறிப்பு நம் குடியிருப்பில் இன்னும் முடியவில்லை என்பது விளங்கும். காலையில் இதே ஒசூர்ச் சாலையில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விரைந்து நடக்கும் பெண்களை நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் பலர் நம் இல்லத்துப் பெண்கள். வெயிலில் கறுத்துப் போவாய் என்று அவர்களை எவரும் அழைத்துக்கொள்வதில்லை. கூலிக்கு நடக்கும் கால்களுக்கு வெயில் பொருட்டன்று போலும்!

இனி, ஓடிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் செங்கற் சூளையில் உழைத்துப் பிழைத்த ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில், 1981ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். தாய் தந்தையர் சூளைக்குச் சென்றபின் இளையோரைப் பேணும் பொறுப்பு மூத்தவராகிய இவர் தலையில் விழுந்தது. இவருடைய பாட்டனார் தாமும் ஓட்டத்தில் வல்லவர். குடிசைக்கு வெளியே கிடந்த மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுத் தந்தவர் அவரே. பள்ளிப் போட்டிகளில் கோப்பைகள் வந்து குவிந்தன. பயிற்சியாளர் ஒருவர் கண்டு, கட்டணமும் சீருடையும் நண்பகல் உணவும் கிடைக்கும்படி செய்தார். நாள்தோறும் மூன்று வேளை உண்ணும் வாழ்வு அவ்வோட்டத்தினால்தான் அவருக்கு முதன்முதலாக வாய்த்தது. பின்னர்க் கல்லூரியிலும் விளையாட்டே கைகொடுத்தது. 2005 சூலையில், நாம் வாழும் இதே பெங்களூரில் நடந்த தேசியப் போட்டியில் 800 மீட்டர், 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஆகிய மூன்றிலும் அவர் வென்றார். அவ்வாண்டே தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டுத் தோகா நகரில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி அங்கும் வெள்ளி வென்றார்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. பந்தயம் முடிந்தபின் மருத்துவர் சிலர் அவரை ஆய்ந்தனர். எதற்காக இச்சோதனை என்பது தமக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் ஊர் திரும்பிய பிறகு, இனிமேல் போட்டிகளில் ஓடுதல் கூடாது என்னும் செய்தி தொலைபேசி வழியாக வந்தது. பெண்மைச் சோதனையில் அவர் தேறவில்லை என்று செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் நாடெங்கும் பறைசாற்றின. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றி, மருத்துவர்க்கும் அவளுக்கும் இடையே மட்டும் இருந்திருக்க வேண்டிய செய்தி, தேநீர்க் கடைப் பேச்சாயிற்று.

பெரியோர்களே, இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யானும் புதுக்கோட்டை மாவட்டத்தான். 1984இல் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, பொம்மனஹள்ளி ஒரு தனி ஊராகவே இருந்த நாள் தொட்டு இங்கு வாழ்கிறேன். அச்செய்தி வந்த நாளில் என் அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. "உங்கள் மாவட்டத்துப் பெண்ணாமே!" என்று ஒருவர் கேட்டார். முந்திய வாரம் பதக்கச் செய்தி வந்தபொழுது, "எங்கள் மாவட்டம்!" என்று மேசை தோறும் போய்ப் பெருமை பேசியவன் யான். அன்றோ, "எங்கள் ஊருக்கும் அவ்வூருக்கும் வெகு தொலைவு" என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தொலைவு என்று நான் சொன்னது கல் கணக்கு மட்டுமன்று. எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர் வேறு, சேரி வேறு. அவர் பிறந்த தெரு என் தெரு அன்று என்னும் நினைப்பும் அச்சிரிப்பினுள் ஒளிந்திருந்தது. அதனை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அன்று அவ்வறையில் சிரிக்காதிருந்தவர் ஒரே ஒருவர். ஓய்வுபெறும் நிலையில் இருந்த கன்னடப் பெரியவர். அவர் கேட்டது இவ்வளவே: "அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இப்பொழுது யாராவது இருக்கிறார்களா?" எங்களுள் எவருக்கும் விடை தெரியவில்லை.

முற்கோள் என்றும் காழ்ப்பு என்றும் பலவாறாகச் சொல்கிறார்கள். என் அளவில், ஒருவரை அறியுமுன்னே அறிந்துவிட்டதாகக் கொள்ளும் துணிவுதான் அது. அதன் சுவையை நாமும் அறியாதவர் அல்லர். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பூசல் எழுந்த நாட்களில், தெருவில் தமிழ் பேசவும் நாத் தயங்கியதை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பெயரும் தொழிலும் குணமும் அன்று எவர்க்கும் பொருட்டாகவில்லை. நாவில் இருந்த மொழி ஒன்றே பொருட்டாயிற்று. அந்நாட்களில் நம்மைத் தம் இல்லத்தினுள் அழைத்து வைத்துக் காத்த கன்னட அயலாரையும் மறத்தலாகாது. அத்தகைய நாளைக் கண்டவர்களாகிய நாமே, நம்முள் ஒருத்திக்கு வந்த இடரைக் கண்டு சிரித்தோம் என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

இதற்கு முன்னும் நம் நாட்டு விளையாட்டுத் திடல்கள் இவ்விழிவைக் கண்டிருக்கின்றன. இதே கருநாடகத்தின் தார்வாரில், 1870களில் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் பல்வங்கர் பாலூ. பூனாவில் ஆங்கிலேயர் சங்கத் திடலைச் செப்பஞ்செய்யும் கூலியாளாக இருந்தார். அவர்கள் மட்டையாடிப் பழகுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் மட்டையை மட்டும் எவரும் கொடுத்தாரில்லை. ஆங்கிலேயரை வெல்ல வேண்டும் என்னும் ஆவலால் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். திடலில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். இடைவேளையிலோ, மற்றவர் கூடத்தினுள் அமர்ந்து தேநீர் பருக, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அவருக்குத் தலைமைப் பதவி கிட்டவில்லை; இந்து அணியின் தலைமை அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிட்டியது. பாலூவின் பந்துவீச்சு அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆதலால் தீண்டாமையைத் திடலின் எல்லைக் கோடு வரையில் தளர்த்திக்கொண்டார்கள். சாந்தியிடமிருந்து நமக்கு வேண்டியது ஒரு பதக்கம். அது போயிற்று, அவரையும் விட்டுவிட்டோம்.

அறிவியல் இதனைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். யான் மருத்துவன் அல்லேன்; படித்து அறிந்ததைச் சொல்கிறேன். விளையாட்டில் பெண்களின் பெண்மையைச் சோதிக்கும் வழக்கம் 1960களில் பரவியது. பின்னர்க் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தனர். இயற்கையின் கணக்கு அத்துணை எளிதன்று. பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, தம் உடலின் உள்ளே ஒரு வேறுபாடு இருப்பதைத் தாமே அறியாதவர் உளர். ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தினோ அத்தகையவர். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் சோதனையில் தவறினார். ஆண்களுக்குரிய சுரப்பு நீர் அவர் உடலில் இருந்தும், அவ்வுடல் அதனை ஏற்கும் இயல்பற்றது. ஆதலால் அதனால் அவருக்கு யாதொரு வலிமையும் கூடவில்லை. செய்தி வெளிப்பட்டதும் உதவித்தொகை நின்றது, பெற்ற வெற்றிகள் அழிக்கப்பட்டன, மணம் பேசியவரும் பிரிந்தார். ஆயினும் பின்லாந்து நாட்டு மரபியல் அறிஞர் ஆல்பெர்ட் டி லா சாப்பெல் அவருக்காக வாதாடினார். 1988இல் ஓடும் உரிமை மீண்டது. எல்லோரையும் சோதிக்கும் முறையை ஒலிம்பிக் குழுவும் 1999இல் கைவிட்டது.

வழக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா பல ஆண்டுகள் மன்றங்களின் படியேறினார். 2025 செப்டம்பர் முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோர்க்கு மரபணுச் சோதனை ஒன்றை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியது. உடன் ஓடும் மற்றப் பெண்களுக்கும் நேர்மை வேண்டாவா என்று கேட்போர் உளர். அக்கேள்வியை அற்பமென்று யான் தள்ளவில்லை. விதி எதுவாயினும் அதனை வகுக்க அறிஞர் இருக்கின்றனர். ஆனால் ஒரு பெண்ணின் பெயரை ஊரறியப் போட்டு உடைப்பதும், அவள் நடந்து போகும் தெருவில் நின்று நகைப்பதும் எந்த விதியில் எழுதியிருக்கின்றன?

ஒடிசாவில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த துத்தீ சந்த் 2014இல் இதே போன்ற தடைக்கு ஆளானார். அவர் அருகில் ஆய்வாளர் நின்றனர், வழக்கறிஞர் நின்றனர், இந்திய விளையாட்டு ஆணையமும் நின்றது. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 சூலையில் அத்தடை விதியை நிறுத்தி வைத்தது. துத்தீ 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018இல் ஜகார்த்தாவில் இரண்டு வெள்ளிகள் வென்றார். கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி எட்டு ஆண்டுகள். அவ்விருவருள் ஒருவர்க்கு உறுதி மிகுதி, மற்றவர்க்குக் குறைவு என்று எவர் சொல்லக்கூடும்?

சாந்திக்கு அன்று ஒருவருமே உதவவில்லை என்பது பொய்யாகும். பதக்கம் போன பின்னும், முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி அறிவித்த 15 இலட்சம் ரூபாய்ப் பரிசைத் திரும்பப் பெறாமல் வழங்கினார். அப்பணத்தைக் கொண்டு அவர் புதுக்கோட்டையில் ஏழைக் குழந்தைகளுக்கு ஓட்டப் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கினார். உயிரை விட்டுவிடலாம் என்று அவர் துணிந்த நாளும் 2007இல் வந்தது. பிழைத்து எழுந்து, மறுபடியும் குழந்தைகளை ஓடப் பழக்கினார். பணம் தீர்ந்தது, நிலையத்தைத் தொடர இயலவில்லை. 2012இல், நாள் ஒன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்குத் தம் பெற்றோர் உழைத்த செங்கற் சூளைத் தொழிலுக்கே திரும்பினார். அச்செய்தி வெளிவந்த பிறகுதான் நாடு விழித்தது. 2013இல் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கே என்று எண்ணுகிறீர்கள்? இதே பெங்களூரில், ஞானபாரதி வளாகத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென் மையத்தில். படிப்பை முடித்துத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியேற்றார்.

அவர் படித்த அந்நாட்களில் யான் நகரின் மறுகோடியில் இவ்வூரிலேயே இருந்தேன். இரண்டு பேருந்து மாறினால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, "அம்மா, யானும் உங்கள் மாவட்டத்தான், என் இல்லத்தில் உணவருந்த வாருங்கள்" என்று கேட்டிருக்கலாம். அவர் இங்கு இருந்தார் என்பதையே, அவர் படித்து முடித்துச் சென்ற பின்னர்ச் செய்தித்தாளில் கண்டுதான் அறிந்தேன்.

உள்ளத் திண்மை என்று இவ்வுரைக்குப் பெயர் வைத்தேன். அவருடைய திண்மையை இன்று வியவாதவர் இல்லை, யானும் வியப்பவனே. ஆனால் அவ்வியப்பின்மேல் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஒருவர் கையிலிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, எஞ்சிய மனவுறுதியை மட்டும் புகழ்ந்தால், நாம் தர வேண்டிய கடன் அத்துடன் தீர்ந்துவிடுமா? அவர் உறுதி எங்கிருந்து வந்தது என்றும் எண்ணிப் பார்க்கிறேன். மண் தரையில் உடன் நின்ற பாட்டனாரின் குரல் அதில் இருந்திருக்கும். பள்ளியில் கிடைத்த நண்பகல் உணவு இருந்திருக்கும். பொழுது விடிந்தால் திடலுக்கு வந்து நின்று, "அக்கா, இன்று எத்தனை சுற்று?" என்று கேட்கும் குழந்தைகள் உள்ளவர்க்கு எழுந்து போயே ஆக வேண்டும் அன்றோ! விளையாட்டின்மேல் அவர் கொண்ட காதலை எந்தச் சோதனையும் எடுத்துவிட முடியவில்லை. தாம் ஓடக் கூடாது என்று சொல்லப்பட்ட பின்னும், மற்றவர் ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தார். என்னைக் கேட்டால் அவர் தோகாவில் வென்றதினும் இது பெரிது என்பேன்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு செய்தி சொல்லி அமர்கிறேன். பள்ளித் திடலை மாலை 5 மணி முதல் 6 மணி வரை நம் குடியிருப்புச் சிறுமியர்க்கு மட்டும் ஒதுக்கித் தர வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். தலைமையாசிரியரோடு பேசி இசைவு பெற்றிருக்கிறார். அந்நேரத்தில் வெயில் தாழ்ந்துவிடும். ஆதலால் கறுத்துப் போகும் அச்சமும் வேண்டா. கறுத்தால்தான் என்ன என்று கேட்கவும் எனக்கு ஆசை. அதற்கு இன்னும் ஓர் ஆண்டு ஆகட்டும். ஊதலும் கடிகாரமும் யான் கொண்டு வருகிறேன். தமிழ்க் குழந்தைகள் என்றில்லை, கன்னடம், தெலுங்கு, உருது பேசும் அயல் வீட்டுக் குழந்தைகளும் வரலாம். பெயர்ப் பட்டியல் நுழைவாயிலில் உள்ள மேசையில் இருக்கிறது. சென்ற ஞாயிறு பாதியில் நின்ற அச்சிறுமியின் பெயர் சற்று முன்வரை அதில் இல்லை. முதற் பெயர் என் பேத்தியினுடையது. அவள் அன்னையிடம் இன்னும் சொல்லவில்லை. இப்பந்தலில்தான் எங்கேனும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.